அடி திறந்த போர்வை

கரடியூர் போகும் மண்ரோட்டில் காரை நிறுத்திவிட்டு, பின்னால் கட்டியிருக்கும் மலைச் சைக்கிளின் போர்வையை அவிழ்க்கிறேன். உள்ளே செம்மண் நிறத்தில் வேறு யாருடைய சைக்கிளோ நிற்கிறது. என் மச்சினனுடையது கறுப்பு. நாளைக்குக் கரடியூரில் அவனுக்குப் பந்தயம். அவன் வேலை முடித்து பஸ்ஸில் வருகிறான். சைக்கிளைத் தூசி படாமல் கொண்டுவருவது மட்டும்தான் என் பொறுப்பு. ஏழாவதோடு பள்ளிக்கூடத்தை விட்ட எனக்கு அதுவே பெரிய பரீட்சை.

ரோட்டோரம் தார்ப்பாயில் மிளகு காயவைக்கும் ஒரு அம்மா எழுந்து வருகிறார்.

“ஏனுங்க, அடியத் தொறந்து வுட்டுட்டு மேல மட்டும் மூடுனா என்னத்துக்குங்க ஆகும்? காரு கெளப்புற புழுதி பூராவும் பின்னாடிதானுங்க சுத்தும்.”

“செயினுக்கு எண்ணெய் வேற நிறைய ஊத்தினேம்மா, பளபளன்னு இருக்கட்டும்னு.”

“அதானுங்க, நொம்ப நல்லா ஒட்டியிருக்குது.”

துண்டால் அழுத்தித் துடைக்கிறேன். கரகரவென்று சத்தம் வருகிறது.

“தொடைக்காதீங்க. மண்ணு கீறிப்போடும்.”

அதற்குள் கறுப்புப் பெயின்டில் பாதியைக் கீறி முடித்துவிட்டேன்.

“காருக்குள்ளாறயே வெச்சுக் கொண்டாந்திருக்கலாமுங்களே?”

“சீட்டு கவர் புதுசும்மா. எண்ணெய் பட்டுடும்னு பயந்தேன்.”

அவர் காருக்குள் எட்டிப் பார்க்கிறார். மிளகைக் கிளறத் திரும்பிவிடுகிறார்.

போன் அடிக்கிறது. மச்சினன் ஏற்காட்டில் இறங்கிவிட்டானாம்.

“சைக்கிள் எப்படி இருக்கு மாமா?”

சீட்டைப் பற்றிக் கேட்டிருந்தால் தைரியமாகப் பதில் சொல்லியிருப்பேன்.