கச்சாலுக்கு டிக்கெட் இல்லை

எடவப்பாதி மழை இறங்குவதற்கு முன்னால், இந்த மே மாசத்துக்குள், எங்காவது ஒரு தீவுக்குப் போய்வருவது என்று எங்கள் வீட்டில் முடிவாகிவிட்டது. எந்தத் தீவு என்பதுதான் முடிவாகவில்லை. என் பேத்தி சுதா குமுளியில் ஒரு டூர் ஆபீசில் வேலை பார்க்கிறாள். ஊர் உலகத்தையெல்லாம் தீவு தீவாக அனுப்பிவைக்கிறவள், சொந்த வீட்டு ஆட்களை ஒரு தீவுக்கு அனுப்ப முடியாமல் திண்டாடுகிறாள்.

போன ஞாயிற்றுக்கிழமை வண்டிப்பெரியார் வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து படம் பார்த்தோம். சீனி டப்பா மேல் போனைச் சாய்த்து வைத்து, விரலால் தள்ளத் தள்ள ஒவ்வொரு தீவாக வந்தது. சொட்டுநீலம் கூடிப்போன தண்ணி மாதிரி அப்படி ஒரு கடல். என் மகள் செல்விக்கு மாலத்தீவுதான் வேண்டும். தண்ணிக்கு மேலேயே கால் நட்டு வீடு கட்டி வைத்திருக்கிறார்கள்.

"பாஸ்போர்ட் வேணும்மா. யாரு எடுத்துத் தருவா, உங்கப்பா மேல இருந்து அனுப்புவாரா?" என்றாள் சுதா. அவள் தாத்தா போய்ச்சேர்ந்து எவ்வளவோ வருசம் ஆகிறது.

மருமகன் மெதுவாக, "ராமேஸ்வரமும் தீவுதானே. கம்பத்துல பஸ் ஏறுனா முடிஞ்சுது. மீனும் சல்லிசு" என்றார்.

"அப்பா, அது திதி குடுக்கப் போற எடம். நாம ஜாலியா போறோம்."

லட்சத்தீவுக்குப் பெர்மிட் கிட்ட நாளாகுமாம். கடைசியில் அந்தமான் வந்து நின்றது. "அடிபொளி! அம்மாச்சிக்கு ஆதார் மட்டும் போதும்" என்று கை தட்டினாள் சுதா. அப்புறம் என் பக்கம் திரும்பி, "நீ சொல்லு அம்மாச்சி, உனக்கு எந்தத் தீவு வேணும்?" என்றாள்.

எனக்கு இருந்த சந்தோஷத்தைக் கேட்காதீர்கள். கொழுந்து கிள்ளிக் கிள்ளியே கிழவியானவள் நான். ரெண்டு மலை தாண்டினாலே எனக்கு வெளிநாடு. என்னைப் போய் எந்தத் தீவு என்று கேட்கிறாள், சேலைக் கடையில் எந்தக் கலர் என்று கேட்கிற மாதிரி! விமானத்தில் செருப்பைக் கழற்றி வைக்க வேண்டுமா, ஜன்னல் திறக்குமா என்று ரெண்டு நாளாக நச்சரித்துக்கொண்டிருந்தேன். ஒருவேளை திறந்தால் வெற்றிலை துப்பலாம் என்று ஒரு எண்ணம்.

இடையில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு எழுதத் தெரியாது, பெருவிரல் உருட்டுகிற ஆள். நான் பேசப் பேச சுதாவின் போன் எழுதிக்கொள்கிறது. பிறகு அவள் உட்கார்ந்து புத்தகத்தில் வருகிற மாதிரி நேராக்குகிறாள். நேற்று நடுவில் நான் கோழியை விரட்டியதையும் அது எழுதி வைத்திருந்ததாம்.

ஞாயிற்றுக்கிழமைக் கதைக்கு வருகிறேன். அன்றைக்கு வீட்டில் பால் தீர்ந்துபோனதால் செல்வி கட்டன் போட்டுக் கொண்டுவந்தாள். டம்ளரை மூக்குக்குக் கிட்டே கொண்டுபோனேன். பால் படாத தேயிலை மணம் ஏறியதும் வாய் தானாகக் கேட்டுவிட்டது.

"கச்சாலுக்குப் போலாமா சுதா?"

அவள் போனில் தேடினாள். தேடத் தேட முகம் சுருங்கியது. "அப்பிடி ஒரு தீவு உண்டு அம்மாச்சி. ஆனா டூரிஸ்ட்ட விடமாட்டாங்க. நிக்கோபார்ப் பக்கம். எங்க ஆபீஸ்ல அதுக்கு டிக்கெட்டே கிடையாது. உனக்கு எப்படி அந்தப் பேரு தெரியும்?"

அன்னக்கிளியால் தெரியும். அன்னக்கிளி என் பெரியம்மா மகள். எங்கள் தாத்தா காலத்திலேயே குடும்பம் ரெண்டாகப் பிரிந்துவிட்டது. ஒரு பாதி கடல் தாண்டி சிலோன் தோட்டத்துக்குப் போனது, ஒரு பாதி மலையேறி இந்தப் பக்கம் வந்தது. ரெண்டு பக்கமும் செய்தது ஒரே வேலைதான், தேயிலை. ஒருத்தர் முகம் ஒருத்தருக்குத் தெரியாது. பிறகு ரெண்டு சர்க்காரும் உட்கார்ந்து பேசி ஆட்களைப் பங்கு பிரித்தார்கள். அன்னக்கிளியும் அவள் புருசன் முத்தையாவும் இந்தியாப் பங்கில் விழுந்தார்கள். படகில் ஏற்றி ராமேஸ்வரத்தில் இறக்கி, மண்டபம் முகாமில் கொண்டுபோய் வைத்தார்கள். அங்கே, கச்சால் என்று ஒரு தீவு, ரப்பர் தோட்டம், வீடும் வேலையும் உண்டு, மெட்ராசில் கப்பல் ஏற வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்கள். கப்பலுக்கு நாள் இருந்ததால் எங்களைப் பார்க்க வந்தார்கள்.

அது சித்திரை. கோடை மழை விழுந்து கொழுந்து பொங்கி நின்ற நேரம். அந்த நேரத்தில் எஸ்டேட்டில் பெத்த தாய் செத்தாலும் லீவு கிடையாது. எங்கள் லயத்து வீடு என்றால் ஒரு அறை, ஒரு அடுப்படி. அதற்குள் நான், என் வீட்டுக்காரர், கைப்பிள்ளையைத் தாண்டி நடமாடத் தொடங்கியிருந்த செல்வி, என் வீட்டுக்காரரின் அம்மாவான என் அத்தை, அத்தை மகள் ராசாத்தி. இதில் இன்னும் ரெண்டு பேர். படுத்தால் ஒருத்தர் புரளும்போது எல்லோரும் புரள வேண்டும்.

அன்னக்கிளிக்குச் சும்மா உட்கார வராது. அத்தைக்கு முட்டி வீங்கிக் கிடந்ததால், அவள் நிரையில் இவள் இறங்கினாள். நிரை என்றால் ஒவ்வொருத்திக்கும் அளந்து விட்ட தேயிலை வரிசை. ரெண்டு கையும் கோழி கொத்துகிற மாதிரி போகும். நான் பாதி நிரை ஏறுவதற்குள் அவள் மேட்டுக்குப் போய், "ஏன் தங்கச்சி, அங்க தேயிலைக்குக் கதை சொல்லிக்கிட்டா இருக்கீங்க?" என்பாள். பக்கத்து நிரைக்காரி விடுவாளா? "சிலோன்காரி வந்தாலும் வந்தா, நம்ம கங்காணிக்கு இன்னிக்குத்தாம்டி பல்லு தெரியுது" என்பாள். கங்காணி எங்கள் ஊர்ப்பக்கத்து ஆள்தான். சிரிப்பு என்பது அவர் சம்பளத்தில் சேராது.

சாயங்காலம் அவள் டீ குடிக்கிற அழகைப் பார்க்கவே அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் வந்து நிற்கும். டீயில் சீனி போடமாட்டாள். உள்ளங்கையில் கொஞ்சம் சீனியை வைத்துக்கொண்டு, நாக்கால் ஒரு நக்கு, கறுப்பு டீயில் ஒரு மிடறு. "இப்பிடிப் பாலை ஊத்தித் தேயிலையைக் கொல்லுறீங்களே" என்று எங்களைத் திட்டுவாள். நானும் அப்படிக் குடித்துப் பார்த்தேன். சீனியெல்லாம் முழங்கை வழியாக ஓடி எறும்பு வந்ததுதான் மிச்சம்.

அவளுக்கு இங்கேயே இருந்துவிட ஆசை. ஒரு நாள் தலைச்சுமையோடு இறங்கும்போது சொன்னாள். "கடலைக் கண்டாலே எனக்கு ஆகாது தங்கச்சி. ஒரு தீவுல பொறந்தேன். இன்னொரு தீவுல போயா சாவணும்?"

வழி ஒன்று இருந்தது. எங்கள் எஸ்டேட்டில் ஒருத்தி வேலையை விட்டால், அவள் பேரை வீட்டில் இருக்கிற இன்னொருத்திக்கு மாற்றிக்கொடுப்பார்கள். பேர் மாறினால் வேலை மாறும். வேலை இருந்தால் லயத்தில் குடியிருக்கலாம். அத்தை அந்த வருசத்தோடு நிற்கப் போகிறாள். கங்காணியும் "சொந்தம்தானே, சேர்த்துக்கலாம்" என்று தலையாட்டிவிட்டார். ஆனால் அந்தப் பேருக்கு ராசாத்தியும் காத்துக்கொண்டிருந்தாள். அவள் புருசன் கம்பத்துக்கு மாடு பிடிக்கப் போகிறேன் என்று போனவன் திரும்பவே இல்லை. அந்தப் பேர் கிடைக்காவிட்டால் அவள் அண்ணன் கஞ்சிக்கு ஆயுசு முழுக்கக் கையேந்த வேண்டும். ஒரு பேர், ரெண்டு பெண்கள்.

அத்தை கெட்டவள் இல்லை. ராத்திரி கஞ்சி குடிக்கிறபோது எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டாள். "வந்த புள்ளையப் போன்னு சொல்ல எனக்கு நாக்கு வரல. பெத்த மகள விட்டுக்குடுக்கவும் மனசு வரல. அம்மங்கிட்டயே பூக்கட்டிப் பாத்துருவோம். ஆத்தா என்ன சொல்றாளோ, அதான்."

பூக்கட்டிப் பார்ப்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். சிவப்புப் பூ ஒன்று, வெள்ளைப் பூ ஒன்று. தனித்தனியாக இலையில் மடித்து, வெளியே தெரியாமல் நூல் சுற்றி, சாமி முன்னால் போட்டு, ஒன்றும் அறியாத பிள்ளையை விட்டு எடுக்கச் சொல்வது. எங்கள் லயத்தில் கல்யாணம் பேசுவதிலிருந்து மாடு வாங்குவது வரைக்கும் அப்படித்தான். சிவப்பு வந்தால் அன்னக்கிளி இருப்பாள், வெள்ளை வந்தால் கச்சால் என்று பேச்சு. "என் விசயந்தானே, நானே கட்டுறேன்" என்று அவளே அரளி பறிக்கப் போனாள். முத்தையாவுக்கு உள்ளூர வெள்ளைதான். சொந்த வீடு தருகிறார்களே.

முந்தின நாள் சாயங்காலம் நான் தண்ணிக்குப் போனபோது, குழாயடியில் ராசாத்தி முகத்தை மூடிக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள். அன்னக்கிளி அவள் பின்னால் உட்கார்ந்து அவள் தலையை வாரிக்கொண்டிருந்தாள். நான் குடத்தை நிறைத்துக்கொண்டு வந்துவிட்டேன். பேன் பார்க்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை காலை, ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு முன்னால், மாரியம்மன் கோயில் முன்னால் எல்லோரும் நின்றோம். ராசாத்தி மட்டும் தள்ளிப்போய் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். செல்வி தத்தக்கா பித்தக்கா என்று போய் ஒரு பொட்டலத்தை எடுத்து முதலில் வாயில் வைத்தாள். பிடுங்கிப் பிரித்தோம். வெள்ளை.

அன்னக்கிளிதான் முதலில் சிரித்தாள். "ஆத்தாவே சொல்லிட்டா. பொறகென்ன, வேலைக்கு நேரமாகலையா உங்களுக்கெல்லாம்?"

ரெண்டு நாளில் கிளம்பிவிட்டார்கள். பஸ் ஏற்றிவிடக்கூட எனக்கு லீவு கிடைக்கவில்லை. மேட்டு நிரையில் நின்று, கீழே ரோட்டில் பஸ் வளைவதைப் பார்த்தேன். அவள் எந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தாளோ.

அடுத்த வெள்ளிக்கிழமை கோயில் கூட்டுகிற முறை எனக்கு. விளக்குக் கல்லுக்கு அடியில் அந்த இன்னொரு பொட்டலம் கிடந்தது. எடுக்காத பொட்டலத்தை யாரும் பிரிக்கமாட்டார்கள், ஓடுகிற தண்ணியில் விட்டுவிடுவார்கள். அன்றைக்கு எல்லோரும் மறந்துவிட்டார்கள் போல. இலை காய்ந்து தானாகவே வாய் பிளந்திருந்தது. உள்ளே சுருங்கிக் கிடந்த பூவும் வெள்ளை.

துடைப்பத்தைப் போட்டுவிட்டு அப்படியே உட்கார்ந்தேன். சங்கு ஊதியது காதில் விழவில்லை. அன்றைக்கு எனக்கு அரைப் பேர், அரை நாள் கூலிதான் போட்டார்கள். பூவைக் கொண்டுபோய் ஓடையில் விட்டேன். யாரிடம் சொல்வது? ராசாத்தியிடம் சொன்னால் அந்தப் பேரை அவள் தொடமாட்டாள். அவள் தொடாவிட்டால் அன்னக்கிளி போனதற்கு அர்த்தம் இல்லை. கப்பலும் போயிருக்கும்.

அப்புறம் கச்சாலிலிருந்து ஆள் மூலமாக ரெண்டு தடவை சேதி வந்தது. நல்லா இருக்கிறாளாம். ரப்பர்ப் பால் நாற்றம் சோற்றிலும் வருகிறதாம். கொல்லையில் மிளகாய் போட்டிருக்கிறாளாம். வீட்டுக்கும் கடலுக்கும் தூரம் எவ்வளவு என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை. கடல் பொங்கியபோது எஸ்டேட் கிளப் டிவியில் தீவு தீவாகக் காட்டினார்கள். பேர் வாசித்தவன் கச்சால் என்று சொன்னதும் எழுந்து வெளியே வந்துவிட்டேன். அதற்கப்புறம் கம்பத்தில் ஒரு கல்யாணத்தில் அந்தத் தீவிலிருந்து வந்த ஒருத்தரைப் பார்த்தேன். ஓடிப்போய்க் கேட்டேன். "அன்னக்கிளியா? அங்க ரெண்டு மூணு அன்னக்கிளி இருந்தாங்கம்மா. எந்த அன்னக்கிளி?" என்றார். முத்தையா பொஞ்சாதி என்றேன். முத்தையாவும் நாலைந்து பேராம். பந்திக்குக் கூப்பிட்டார்கள், அவர் போய்விட்டார்.

எந்தப் பேருக்காக இவ்வளவும் நடந்ததோ, அந்தப் பேரும் நிற்கவில்லை. எஸ்டேட்டைப் பூட்டினார்கள். கிள்ள ஆளில்லாமல் தேயிலைச் செடியெல்லாம் மரமாக வளர்ந்து, உள்ளே யானை நின்றாலும் தெரியாது. லயத்துத் தகரத்தைக் கழற்றிக்கொண்டு போனார்கள். பெரட்டுக்களத்தில் யாரோ கார் நிறுத்த இடம் போட்டிருக்கிறார்கள். ராசாத்தி கூலி வேலை செய்து காலம் தள்ளினாள். ஆனால் ஒவ்வொரு சித்திரையும் அந்த அம்மனுக்கு விளக்குப் போடத் தவறமாட்டாள். "எனக்கு வாழ்வு குடுத்தவ மதினி" என்பாள். நான் எண்ணெய் ஊற்றுவேன். போன வருசம் அவளும் போய்ச்சேர்ந்தாள். இனிமேல் சொன்னால் யாருக்கும் வலிக்காது என்றுதான் வாயைத் திறந்தேன்.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு சுதா மறுபடியும் போனில் தேடினாள். பிறகு, "அம்மாச்சி, கச்சாலுக்குப் போற கப்பல் போர்ட் பிளேர்லருந்துதான் கெளம்புதாம். நாம அந்தமானே போவோம். ஒரு நாள் காலைல கப்பல் ஜெட்டிக்குப் போயி, வர்ற ஆளுங்ககிட்ட விசாரிப்போம். அவங்க போட்டோ இருக்கா?" என்றாள்.

போட்டோவா? எங்கள் யாருக்கும் அப்போது போட்டோ கிடையாது.

"சரி, ஆள் எப்படி இருப்பாங்க? சொல்லு, எழுதிக்கிறேன்."

சொன்னேன். என்னைவிட ரெண்டு விரல் உயரம், கறுப்பு, நெற்றியில் கூடைக்கயிறு அழுத்திய தடம், நடந்தால் தரை தெரியாது. சொல்லிக்கொண்டே வந்தவள் நிறுத்திவிட்டேன். நான் சொல்வது ஒரு இளவட்டப் பெண்ணை. என்னைவிட மூத்தவள் அவள். இருந்தால் இன்றைக்குப் பல் போய், முதுகு வளைந்து, என்னைப் போலவே ஒரு கிழவியாகத்தான் கப்பலை விட்டு இறங்குவாள். அந்தக் கிழவி முகத்தை எவ்வளவோ முயன்றும் என்னால் கொண்டுவர முடியவில்லை.

"பரவால்ல அம்மாச்சி, மாறாதது ஏதாவது சொல்லு" என்றாள் சுதா. "மூக்குத்தி எந்தப் பக்கம் குத்தியிருந்தாங்க?"

கண்ணை மூடி யோசித்தேன். வலப்பக்கம் என்று வாய் வந்தது. இடப்பக்கம் மாதிரியும் இருந்தது. மூக்குத்தி போட்டிருந்தாளா என்பதே தெரியவில்லை.