காலி லயத்தருகே டைனமோ பூட்டிய மாலை

சுருள் கருகிய டைனமோவுக்கு ஒரு வாசனை உண்டு. வார்னிஷும் செம்பும் சேர்ந்து எரிந்து, தொண்டையில் ஒட்டிக்கொள்ளும். காட்டுக்குள் இருந்த கம்யூனிஸ்டுகளோடு வெள்ளைக்கார அரசாங்கம் சண்டை போட்ட அவசரகாலத்தில், மலாய் நாட்டுப் பீடோங்கில் நான் வேலை செய்த பட்டறை முழுக்க அந்த வாசனைதான்...

அப்போது எனக்கு இருபத்தொரு வயது. கார்களுக்கு வயரிங் செய்வது என் வேலை. தோட்டங்களில் ரப்பர் பால் ஏற்றும் லாரி வைத்திருந்த ராஜு அண்ணனுக்குக் கார் பந்தயப் பைத்தியம். நேர்ச் சாலையில் கால் மைல், யார் முந்துவது என்ற பந்தயம். அதற்காகவே ஒரு பழைய காரை வாங்கிக் கூரை, கதவு, பின்சீட்டு எல்லாவற்றையும் கழற்றிப் போட்டிருந்தார்.

கடைசியில், ஓடும்போது பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் டைனமோவுக்கு வந்தார்.

“அதயும் கழட்டுடா தம்பி. சும்மா இஞ்சின் பலத்தக் குடிக்குது. பேட்டரி போதும்.”

“அண்ணே, பெட்ரோல் பம்ப்பே கரண்ட்லதான் ஓடுது. பேட்டரி எறங்குனா நடுச் சடக்குல நிக்கும்.”

“கால் மைல்தான்லா!”

கழற்றினேன். ஆனால் மனம் கேட்கவில்லை.

கழற்றியதன் சுருள் பாதி கருகியிருந்தது; பட்டறை அலமாரியில் வேறு மூன்று பழைய டைனமோக்கள் இருந்தன. சின்னது பம்ப்புக்கும், இஞ்சினுக்குப் பொறி கொடுக்கும் காயிலுக்கும் போதாது. ராணுவ லாரியுடையது இரண்டு கையாலும் தூக்க வேண்டிய கனம். நடுவில் இருந்ததை எடுத்தேன். பந்தய வேகத்தில் உள்ளே இருக்கும் சுருள் பிய்ந்து பறந்துவிடும் என்பதால், அது மெதுவாகச் சுற்றும்படி பெரிய புல்லியாகப் பார்த்து மாட்டினேன். பெல்ட்டோடும் வயரோடும் கோணிப்பையில் போட்டு, அண்ணனிடம் சொல்லாமல் காலடியில் வைத்துக்கொண்டேன்.

ஓட்டிப் பார்க்கப் போனது செமிலிங் பக்கம் ஒரு தோட்டத்துக்கு. துரையிடம் அண்ணன் அனுமதி வாங்கியிருந்தார். நூல் பிடித்தது போல நேராகப் போகும் செம்மண் சடக்கு. ஒரு பக்கம் கித்தா என்கிற ரப்பர் மரங்கள், மறுபக்கம் தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகள், பழைய லயம். காட்டுக்குள் இருப்பவர்களுக்குச் சோறு போய்விடக் கூடாதென்று, அங்கிருந்த குடும்பங்களையெல்லாம் அரசாங்கம் ஆலைக்குப் பக்கத்தில் முள்கம்பிக்குள் கொண்டுபோய் வைத்துவிட்டது. கதவுகள் திறந்தே கிடந்தன. ஒரு வீட்டில் காலண்டர் தாள் படபடத்துக்கொண்டிருந்தது. நாய் கூட இல்லை.

மூன்று ஓட்டம் பிரமாதம். நாலாவதில் இஞ்சின் திக்கியது... இருமியது... லயத்துக்கு நேர் எதிரே நின்றது.

அண்ணன் ஸ்டார்ட்டரை அமுக்கினார். ‘டிக்’ என்ற சத்தம் மட்டும். மணி ஐந்து. ஆறு மணிக்கு ஊரடங்கு.

அப்போதுதான் அந்த வாசனை வந்தது. கருவாடு சுடும் வாசனை. ஆளே இல்லாத லயத்திலிருந்து.

அண்ணன் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன்.

கோணிப்பையை அவிழ்த்தேன். அவர் முகத்தில் கோபம் இல்லை, கும்பிடாத குறைதான். போல்ட்டுகளை முடுக்கினேன், பெல்ட்டை ஏற்றினேன். தடித்த வயர், மெல்லிய வயர், இரண்டும் காரிலேயே விட்டிருந்த, சார்ஜைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் பெட்டிக்குப் போயின. வேறு காரில் ஓடிய டைனமோ என்பதால், மின்சாரம் சரியான திசையில் வர, பேட்டரி வயரால் அதை ஒரு நொடி தொட வேண்டும். தொட்டேன். ‘டப்’ என்று தெறித்த சின்னப் பொறி, வெடிச்சத்தம் மாதிரி கேட்டது எனக்கு.

பின்னாலிருந்து யாரோ பார்ப்பது பிடரியில் தெரிந்தது. உங்களுக்கும் எப்போதாவது தெரிந்திருக்கும்.

“நீங்க உக்காருங்கண்ணே. நான் தள்றேன்.”

லேசான ஏற்றம். தலையைக் குனிந்துகொண்டு தள்ளினேன். கார் அசையவில்லை. இன்னொரு முறை. செருப்பு வழுக்கியது. மூன்றாவது முறை... கார் திடீரென்று இலேசாகிவிட்டது. எனக்குப் பக்கத்தில் மூச்சு வாங்கும் சத்தம். என் மூச்சு இல்லை.

நான் தலையைத் திருப்பவில்லை.

அண்ணன் கியரைப் போட்டார். இஞ்சின் உறுமியது. ஓடிப்போய் ஏறிக்கொண்டேன். ஆக்ஸிலரேட்டரை மிதிக்க மிதிக்கச் சார்ஜ் விளக்கின் சிவப்பு மெல்ல அணைந்தது.

“ஒருத்தனாவே தள்ளிட்டியேடா. நீ பயில்வான்லா!” என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

தோட்டத்து வாசலில் காவல். துப்பாக்கியோடு ஒரு மலாய்க்கார வாலிபன், என் வயதுதான் இருக்கும். காரைச் சுற்றி வந்தவன் பின்பக்கம் நின்றுவிட்டான். என்னைக் கூப்பிட்டான்.

பின்தகட்டில் செம்மண் தூசி படிந்திருந்தது. அதில் கிரீஸ் பிசுபிசுப்போடு என் கைகள் இரண்டு. பக்கத்திலேயே, தூசியைத் துடைத்தெடுத்தது போல இன்னும் இரண்டு கைகள். என்னுடையதைவிடப் பெரியவை.

“சியாப்பா தோலா?” என்றான். யார் தள்ளியது?

“நான்தான்,” என்றேன் மலாயில். “ரெண்டு தடவ தள்ளினேன்.”

அவன் என் கையைப் பார்த்தான். தகட்டைப் பார்த்தான். காட்டுக்குள் இருப்பவர்களோடு தொடர்பு என்று ஒரு சொல் போதும், விசாரணையே இல்லாமல் உள்ளே போயிருப்போம். முள்கம்பிக்குள் இருந்த லயத்துக்காரர்களையும் துருவியிருப்பார்கள். அண்ணன் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி சிலையாக இருந்தார்.

அந்த வாலிபன் சட்டைக் கையை இழுத்துவிட்டு, தகட்டின் குறுக்கே ஒரு இழு இழுத்தான். நான்கு கைகளும் போயின.

“பாலேக் சப்பாட்,” என்றான். சீக்கிரம் வீட்டுக்குப் போ.

பந்தயத்தில் அண்ணன் மூன்றாவதாக வந்தார். டைனமோவைக் கழற்றச் சொல்லவே இல்லை. அந்த மாலையைப் பற்றி, அவர் சாகும்வரை, நாங்கள் இருவரும் ஒரு வார்த்தை பேசியதில்லை...

இப்போது அங்கே ரப்பர் இல்லை, எண்ணெய் எடுக்கும் செம்பனை மரங்கள். பாக்கார் ஆராங்கில் இருக்கும் என் பேரன் அதே மாதிரி கால் மைல் இழுவைப் பந்தயத்துக்கு ஒரு கார் தயார் செய்கிறான். டைனமோவுக்குப் பதிலாக இப்போது வரும் ஆல்டர்னேட்டரைப் போனிலேயே தேர்ந்தெடுத்தான், ரெகுலேட்டர் உள்ளேயே இருக்கிறது, அரைமணி நேரத்தில் மாட்டியும் விட்டான். வழியில் நின்றால் போன் செய்தால் போதும், இழுத்துப்போக வண்டி வந்துவிடும். வருகிறவன் பெயர், நம்பர், முகம் எல்லாம் திரையில் தெரியும்.

நல்லதுதான். எனக்கு மட்டும், பெயரும் முகமும் தெரியாத ஓர் ஆளின் கடன் பாக்கி. அன்றைக்குத் திரும்பிப் பார்த்திருந்தால் நன்றி சொல்லியிருப்பேனா, அலறியிருப்பேனா... இந்த வயதிலும் தெரியவில்லை.