எண்பதாரும் எடை மேடையும்

லாரிகளை எடை போடும் மேடையில் அவருக்கு இருபத்திரண்டு வருட சர்வீஸ். ஓட்டுநர்கள் அவரை எண்பதார் என்பார்கள். ஆண்டுதோறும் எந்திரத்தைச் சரிபார்த்து முத்திரை வைக்கும் நாளில் தானும் ஏறி நிற்பார். பலகையில் சிவப்பாக 80 என்று விழும். "பாத்தீங்களா, பத்து வருஷமா ஒரு கிலோ கூடல. எல்லாம் இவன் தயவு" என்று காதில் செருகிய சிகரெட்டைத் தொட்டுக் காட்டுவார். புகை பசியை அடக்கும், அதனால் உடம்பு போடாது, உடம்பு போடாதவனுக்கு பிரஷர் ஏது? இதுதான் அவருடைய மருத்துவ சாஸ்திரம்.

அது லாரிகளுக்கான மேடை. இருபது இருபது கிலோவாகத்தான் அதற்கு எண்ணத் தெரியும். எழுபத்திரண்டு கிலோ ஆள் நின்றாலும் எண்பது, எண்பத்தெட்டு கிலோ ஆள் நின்றாலும் எண்பது. இதைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். தன் விஷயத்தில் மட்டும் சௌகரியமாக மறந்துவிட்டார், மனுஷன்!

கண்ணில் புரை விழுந்தது. லாரியின் நம்பரில் மூன்றும் எட்டும் ஒன்றாகத் தெரிந்தன. தப்பு நம்பரோடு இரண்டு எடைச்சீட்டுகள் திரும்பி வந்ததும் முதலாளி கூப்பிட்டார். "கண்ணைச் சரி பண்ணிட்டு வாங்க. மூணு மாசம் வேற ஆளை வெச்சு ஓட்டுறேன். அதுக்கு மேல என்னால முடியாது."

கண் ஆஸ்பத்திரியில் நர்ஸ் அவர் கையில் பட்டையைச் சுற்றிப் பார்த்தாள். பிரஷர் 180-க்கு 110. எடை எண்பத்தெட்டு.

"உங்க மிஷின் தப்பு சிஸ்டர். எங்க மேடையில எண்பதுதான்."

"பிரஷர் இறங்காம ஆபரேஷன் பண்ண மாட்டாங்க ஐயா. சிகரெட் உண்டா?"

"உண்டு. எடை ஏறாம இருக்கத்தான்."

"அதான் ஏறியிருக்கே! கூடின எடையும் பிரஷரை ஏத்தும். ஒவ்வொரு சிகரெட்டும் ரத்தக்குழாயை இறுக்கி இன்னும் ஏத்தும். ரெண்டு பாரத்தையும் சேத்து இருதயத்தை இழுக்கச் சொல்றீங்க."

அதிக பாரம் என்றால் என்னவென்று அவருக்குத் தெரியாதா? அன்றே மாத்திரை தொடங்கியது, சிகரெட் நின்றது. நின்றது என்று எழுதுவது சுலபம். அவருடைய விரல்கள் நாள் முழுக்கக் காதைத் தடவிக்கொண்டிருந்தன. தண்ணீர் கொடுத்தாலும் எரிந்து விழுந்தார். மனைவி பொறுத்துக்கொண்டாள், குழம்பில் உப்பைக் குறைத்தாள், வீட்டுக்கு ஒரு எடைக் கருவியும் வாங்கினாள். மூன்றாம் வாரம் அது தொண்ணூறு காட்டியது.

"நான் சொன்னேன்ல? விட்டதும் ஏறுது. கண்ணும் போச்சு, வேலையும் போச்சு!" பயந்துதான் போனார்.

மனைவி கையோடு நர்ஸிடம் இழுத்துப் போனாள். பிரஷர் 156-க்கு 98.

"எடை கூடியும் பிரஷர் இறங்கியிருக்கு பாருங்க. மாத்திரையும் கேக்குது, நீங்க சிகரெட்டை நிறுத்தினதும் கேக்குது. ஏறின கிலோவை நடந்து இறக்கிடலாம், பயப்படாதீங்க."

நடந்தார். காலையில் ஆற்றுப்பாலம் வரை, சாயங்காலம் மறுபடியும். ஒரு நாள் கருவியில் ஏறியவர், இடது கால் விரலை மெல்லத் தரையில் ஊன்றிக்கொண்டார். மனைவி சமையலறையிலிருந்தே கத்தினாள்: "சக்கரத்தை மேல ஏத்துங்க!" ஒரு சக்கரத்தை மேடைக்கு வெளியே விட்டு ஏமாற்றும் ஓட்டுநர்களைப் பார்த்து அவர் போடும் அதே அதட்டல். திருட்டு முழி முழித்து, விரலை எடுத்தார்.

பதினோராம் வாரம் எடை எண்பத்துநாலு, பிரஷர் 136-க்கு 84. ஆபரேஷன் நடந்தது. மறுநாள் கட்டைப் பிரித்ததும் சுவரில் இருந்த எழுத்துகளைக் கடைசி வரி வரைக்கும் வாசித்தார். மூன்று மூன்றாக இருந்தது, எட்டு எட்டாக இருந்தது. வேலை தப்பியது. சந்தோஷத்தில் மனைவி பக்கம் திரும்பியவர் அப்படியே நின்றுவிட்டார்.

"உனக்கு எப்போ இவ்வளவு நரைச்சுது?"

"பத்து வருஷமா நரைக்குது. ஏன், உங்க பலகையில காட்டலையா?"