ஜெயித்தவர்கள் மட்டும் பாடும் பாட்டு

எங்கள் டீம் தோற்கவில்லை, கம்பம் குறுக்கே வந்துவிட்டது. இன்று கேட்டாலும் இதைத்தான் சொல்வேன். ஆஸ்திரேலிய ஃபுட்பாலில் நடுக் கம்பங்களுக்கு இடையே உதைத்தால் ஆறு புள்ளி. பந்து கம்பத்தை உரசினால் ஒன்றே ஒன்று. ஃபைனலின் கடைசி உதை உரசித் தொலைத்தது. கோப்பை போச்சு.

கலிஃபோர்னியாவின் டப்ளினில் அந்த டீமுக்கு அம்மாவும் நானும்தான் ரசிகர்கள். கல்யாணத்துக்கு முன் அம்மா மெல்போர்னில் வேலை பார்த்தவள். இங்கே வந்தபின் வேலைக்குப் போகவில்லை. என்னோடு வீட்டில் இருக்க ஆசைப்பட்டுத்தான் என்று நினைத்திருந்தேன்.

மறுநாள் நவராத்திரி சனிக்கிழமை. வீடு வீடாகக் கொலு பார்க்கப் போக வேண்டும். அம்மா அரக்குப் பட்டுப்புடவை கட்டி, அதன்மேல் டீமின் பச்சை மஃப்ளரைச் சுற்றிக்கொண்டாள்.

"தோத்த டீமுக்கு இதெல்லாம் தேவையா?" என்றார் அப்பா.

"ஜெயிச்சா எவன் வேணா போட்டுப்பான்."

நானும் பட்டுப்பாவாடையோடு டீம் தொப்பியை மாட்டிக்கொண்டேன்.

முதல் வீட்டு ஆன்ட்டி மஃப்ளரைப் பார்த்துச் சிரித்தார். "உனக்கென்னம்மா, வேலையா வெட்டியா? மேட்ச் பாத்து ஃபீல் பண்ண டைம் இருக்கு."

அம்மா சுண்டல் கிண்ணத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கொலுவுக்கு வந்த குழந்தையைப் பாடச் சொல்லாமல் விடுவார்களா? ஆன்ட்டி கேட்டதும் எங்கள் டீம் பாட்டை எடுத்துவிட்டேன். ஜெயித்த அன்று மட்டும்தான் அதைப் பாட வேண்டுமாம். சட்டமாவது மண்ணாங்கட்டியாவது! இரண்டாவது வரியில் அம்மா எழுந்து வந்து, என் தோளில் கைபோட்டு, பொம்மைகள் அதிரப் பாடினாள். முடித்தபோது அவள் கண்ணெல்லாம் தண்ணீர். அப்பா அவசரமாகக் கார் சாவியைத் தேடினார்.

"நெக்ஸ்ட் இயர் வீ வில் வின், அம்மா" என்றேன் காரில்.

"ஜெயிப்போம்டி. பாத்துக்கலாம்."

அப்பாவின் விசாவில் வந்தவள் இங்கே வேலை பார்க்கத் தனியாக அனுமதி வாங்க வேண்டும் என்பதோ, அது அந்த வாரம்தான் மறுபடியும் மறுக்கப்பட்டது என்பதோ அப்போது எனக்குத் தெரியாது. ஒரு உதைக்கா இவ்வளவு அழுகை என்று நினைத்து, சமாதானமாக என் தொப்பியைக் கழற்றி அவள் தலையில் வைத்தேன். இன்னும் இரண்டு வீட்டுக் கொலு பாக்கி இருந்தது. பட்டுப்புடவை, மஃப்ளர், தொப்பி எல்லாவற்றோடும்தான் அம்மா உள்ளே போனாள்.