கோபுர நிழலில் ஆறு பேனல்கள்

என்னைப் பெண் பார்க்க வரச் சொல்லவில்லை. கூரை பார்க்க வரச் சொன்னார்கள். சிங்கப்பூர் லிட்டில் இந்தியாவில் பூமாலைக் கடை வைத்திருக்கும் அங்கிளின் மகளும் நானும் ஒருவரையொருவர் விரும்பி, அதை அவரிடம் சொல்லியும் விட்டோம். அவர் சம்மதிக்கவும் இல்லை, மறுக்கவும் இல்லை.

"சோலார் வேலைனு சொன்னீங்கல்ல தம்பி? நம்ம கடை மாடியில ஒண்ணு போடுங்க, பார்ப்போம்" என்றார்.

தமிழ்நாட்டிலிருந்து வந்து பூன் லேயில் ஒரு கம்பெனியில் வேலை பார்ப்பவன் நான். தொழிற்சாலைக் கூரை முழுக்கப் பேனல் மாட்டியவனுக்கு ஆறு பேனல் ஒரு விஷயமா என்று நினைத்தேன்.

அங்கிளின் பஞ்சாங்கத்தை நான் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. நல்ல நேரம் பார்க்காமல் அந்தக் கடையில் ஓர் ஆணி அடிக்க முடியாது. அளவெடுக்க, சட்டம் பூட்ட, கம்பி இழுக்க என எல்லாவற்றுக்கும் காலை வேளையையே குறித்துக் கொடுத்தார். கடைக்குள் பேட்டரி வைக்க மூலையும் அவரே பார்த்துக் கொடுத்தார். மதியம் ஆனால் ஆண்ட்டி சாப்பாடு போட்டு அனுப்பிவிடுவார். காலையில் மாடி முழுக்க வெயில் அடித்தது. நானும் ஆறு பேனல்களையும் சீரீஸில், ஒன்றன்பின் ஒன்றாக ஒரே சங்கிலி போல இணைத்தேன். மெல்லிய கம்பி போதும், பார்க்கவும் லட்சணமாக இருக்கும். மாமனாராகப் போகிறவர் பார்க்கிற வேலை லட்சணமாக இருக்க வேண்டாமா?

சூடம் காட்டி, எலுமிச்சம்பழம் வைத்து ஸ்விட்சைப் போட்டோம். பூ வைக்கும் ஃப்ரிட்ஜ் வெயிலில் ஓடியது. எவ்வளவு மின்சாரம் வருகிறது என்று கோடு போட்டுக் காட்டும் ஆப்பை அங்கிள் போகிற வருகிறவர்களிடம் எல்லாம் போனில் காட்டினார். அந்தப் பெருமை சில நாள்தான் நிலைத்தது.

"தம்பி, டெய்லி நாலு மணி ஆனா மொத்தமா படுத்துடுது லா. வெளியில வெயில் கொளுத்துது. ஆப்ல கோடு மட்டும் கீழ விழுது."

அன்றுதான் முதல் முறையாகச் சாயங்காலத்தில் அந்த மாடியில் ஏறினேன், அவரது மகளும் கூட வந்தாள். பக்கத்துக் கோயிலின் கோபுர நிழல் ஓரத்துப் பேனல்மீது சாவகாசமாகப் படுத்திருந்தது. சீரீஸில் இதுதான் வில்லங்கம். ஒரு பேனல் சோர்ந்தால் மற்ற ஐந்தும் அதன் வேகத்துக்குத்தான் போக வேண்டும். குறுகலான எஸ்கலேட்டரில் முன்னால் ஒருவர் வழியை மறித்து நின்றுவிட்டால் பின்னால் இருப்பவர்கள் என்ன செய்ய முடியும்? பேரலலில் மாற்றினால் ஒவ்வொன்றுக்கும் தனி வழி. நிழல் பட்டது மட்டும் சும்மா இருக்கும். தடித்த கம்பியும், மின்சாரத்தை அளந்து விட வேறு கன்ட்ரோலரும் வேண்டும், அவ்வளவுதான்.

அதை எப்படிச் சொல்வது என்பதுதான் பயமாக இருந்தது. அங்கிள் அந்தக் கடையை வாங்கியதே கோபுர நிழல் புண்ணியம் என்றுதான். "சாயங்காலமானா நிழல் நம்ம கடை மேலதான் விழும்" என்று மாலை வாங்க வந்தவர்களிடம் எல்லாம் சொல்வார்.

"பேனல் ஸ்பாயில்னு சொல்லிடு, ப்ளீஸ். இதுல போய் கோபுரத்த இழுக்காத" என்று படிக்கட்டில் அவள் கெஞ்சினாள்.

அருமையான யோசனை. இறங்கும்போது அதைச் சொல்லத்தான் நினைத்தேன். அவளை இழக்க எனக்குத் துளியும் விருப்பமில்லை. ஆனால் கம்பி விஷயத்தில் எனக்குப் பொய் வராது. பெருமைக்குச் சொல்லவில்லை, அது ஒரு வியாதி.

"அங்கிள், கோபுர நிழல்தான் பிரச்சனை."

மாலை கட்டிக்கொண்டிருந்த ஆண்ட்டியின் கை நின்றது.

"கோபுர நிழல் பிரச்சனையா?"

"எனக்கில்ல அங்கிள், பேனலுக்கு."

அங்கிள் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "சரி பண்ண முடியுமா?"

"பேரலல்ல மாத்தணும். நிழல் விழுற பேனல் மட்டும் அந்த நேரத்துல சும்மா இருக்கும். மத்தது ஓடும்."

"மாத்துங்க" என்றார். பூக்கூடையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனார். மாற்றி முடிக்கும்வரை ஆண்ட்டியின் சாப்பாடு மட்டும் ஒழுங்காக வந்தது.

வேலை முடிந்த அன்று நாலு மணிக்கு எல்லோரும் அவர் போனைச் சுற்றி நின்றோம். கோடு கொஞ்சம் இறங்கி, அப்படியே நின்றது. அங்கிள் போனைப் பைக்குள் போட்டார்.

"உங்களக் கூப்பிடறதுக்கு முன்னாடியே நம்ம சீன ஃப்ரெண்ட் ஒருத்தர் வந்து பார்த்துட்டாரு. எலெக்ட்ரீஷியன். டெம்பிள் ஷேடோ லா அப்படின்னாரு. நீங்க என்ன சொல்றீங்கன்னு பார்க்கத்தான் கூப்பிட்டேன்."

நான் அவளைப் பார்த்தேன். அவள் தரையைப் பார்த்தாள்.

"உங்க வாய் எனக்குப் பிடிக்கல தம்பி. ஆனா எம் பொண்ண உங்கள நம்பி அனுப்பலாம். நாள் பார்க்கச் சொல்றேன்."

சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. அத்தோடு வாயை மூடிக்கொண்டு நின்றிருக்கலாம். பேட்டரியை வைக்க அவர் பார்த்துக் கொடுத்திருந்த மூலை கண்ணில் பட்டுத் தொலைத்தது.

"அங்கிள், பேட்டரி வச்ச இடமும் சரியில்ல. சாமி விளக்குக்கு ரொம்பப் பக்கம்."

அவள் என் முதுகில் கிள்ளினாள். அங்கிள் விளக்கைப் பார்த்தார், பேட்டரியைப் பார்த்தார்.

"விளக்கு நகராது. பேட்டரிய நகர்த்துங்க, மாப்ள" என்றார்.