தண்ணி காட்டாத குதிரை

முதலில் ஒப்புக்கொண்டுவிடுகிறேன். கல்யாணமாகி இரண்டு வருஷமான, மீசை முறுக்கிய ஓர் ஆள், சினிமாவில் பார்த்ததைச் செய்து காட்டப்போய்த் தன் சொந்தக் கிணற்றிலேயே விழுந்தான் என்று யாராவது சொன்னால், அது நான்தான்.

படங்கள் பேச ஆரம்பித்திருந்த புதிது. கிணத்துக்கடவில் ரயிலேறிக் கோயமுத்தூர் போய்ப் பகல் ஆட்டம் பார்த்துவிட்டு வருவோம். கொட்டகையில் பெண்களுக்குத் தனி இடம். அதனால் எனக்குப் படத்தைவிடத் திரும்பி வரும் ரயில்தான் பெரிது. அதில்தான் என் வீட்டுக்காரியும் நானும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, கதாநாயகனை அக்கக்காகக் கழற்றுவோம்.

அன்றைய படத்தில் மூன்று நாள் குதிரையில் பறந்து வந்த வீரன், வாளை வாயில் கவ்வியபடி, கயிற்றைப் பிடித்து ஒரு மலைப் பள்ளத்தை ஒரே வீச்சில் தாண்டினான். நான் சீட்டியடித்தேன். ரயிலில் அவள் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டாள். போத்தனூர் தாண்டியதும், அத்தனையும் பொய், இனிமேல் படத்துக்கு வரவில்லை என்று சொல்லிவிட்டாள்.

எது பொய் என்று கேட்டிருக்கலாம். கேட்கிற புத்தி இருந்திருந்தால் நான் ஏன் கிணற்றில் விழுகிறேன்? கயிற்றைத்தான் சொல்கிறாள் என்று நானே முடிவு கட்டினேன். தனியாகப் படம் பார்த்துத் தனியாக ரயிலில் வருவதை நினைக்கவே சகிக்கவில்லை.

மறுநாள் தோட்டத்தில் மாடு பூட்டிக் கவலை இறைத்துக்கொண்டிருந்தோம். காளைகள் சரிவில் இறங்க இறங்கத் தண்ணீர் மொள்ளும் பெரிய சால் கிணற்றிலிருந்து மேலே வரும். காளைகளை அவளிடம் விட்டுவிட்டு, கிணற்றுக்கு மேலிருந்த குறுக்குக் கட்டையில் ஒரு பழைய வடத்தைக் கட்டினேன். வாளுக்குப் பதில் சாட்டைக் குச்சி. "பாத்துக்க அம்மணி" என்று சொல்லி, அதை வாயில் கவ்வித் தாவினேன்.

வீரனுக்கு உள்ளங்கை வியர்த்ததாகப் படத்தில் காட்டவில்லை. பாதிக் கிணற்றில் என் கை வழுக்கியது. வாயில் குச்சி இருந்ததால் அலறக்கூட முடியவில்லை.

அவள் பதறவில்லை. காளைகளைப் பின்னுக்கு நடத்தித் தண்ணீர்ச் சாலைக் கிணற்றுக்குள் இறக்கினாள். நான் அதைக் கட்டிக்கொண்டதும் முன்னுக்கு ஓட்டினாள். தண்ணீர் வரவேண்டிய இடத்தில் நான் வந்து சேர்ந்தேன்.

"கயித்தை நான் எப்பங்க பொய்யின்னேன்?" என்றாள். "அந்தக் குதிரை மூணு நாளு ஓடுச்சு. ஒருத்தனாச்சும் அதுக்குத் தண்ணி காட்டுனானுங்களா?"

அதன் பிறகு எத்தனையோ படங்கள். வீரர்கள் ஓடும் ரயிலின் மேல் சண்டை போட்டார்கள், ஆகாய விமானத்திலிருந்து குதித்தார்கள். எல்லாவற்றையும் நம்பினேன். குதிரை வந்தால் மட்டும் பக்கத்தில் தொட்டி இருக்கிறதா என்று கண் தேடும்.

அன்றைக்கு, வேட்டியைப் பிழிந்துகொண்டே, அடுத்த படத்துக்கு வருவாயா மாட்டாயா என்று கேட்டேன். என்னை இழுத்துப் போட்ட காளைகள் இன்னும் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தன. அவள் அவற்றைப் பார்த்தாள்.

"மொதல்ல மாட்டுக்குத் தண்ணி காட்டுங்க, அப்பறம் வாரனுங்க."