சுடலைமுத்து பேசிய ஆறு பக்கங்கள்

சரித்திரப் புத்தகம் வாங்க வருகிறவர் முதலில் கடைசிப் பக்கத்தைத்தான் திறப்பார். ஊர்ப்பெயரும் ஆள்பெயரும் அகர வரிசையில் அங்கேதான் இருக்கின்றன. நீங்களும் தார்ப்பாய் விரித்துப் புத்தகம் விற்றவர் என்றால் உங்களுக்கும் இது தெரிந்திருக்கும்.

நான் ஏழாம் வகுப்பு வரை படித்தவன். பாலக்காட்டுச் சித்தூர்ப் பக்கம் வீடு. இருபத்திரண்டு வருஷமாகப் பாலக்காட்டிலிருந்து மூணாறு, சக்குபள்ளம் வரை, இந்தக் கேரள எல்லையோரத்தைப் பற்றிப் பேராசிரியர்கள் எழுதிய தடித்த புத்தகங்களைச் சுமந்து விற்கிறேன். கோயில் சிற்பம், பழைய தேர்தல்கள், குடியேறி வந்த கூட்டங்கள் எல்லாம் உண்டு. ஒவ்வொரு பிரதியையும் விற்பதற்கு முன் தாள் தாளாக எண்ணிப் பார்ப்பேன். நடுவில் பதினாறு பக்கம் விட்டுப்போவதும், தலைகீழாகத் தைத்து வருவதும் இந்தத் தொழிலில் சகஜம். எண்ணுவதோடு சரி, படிப்பதில்லை. அதனால் ஒரு பெண்ணின் படிப்பு என்ன ஆனது என்பதையும் கீழே எழுதியிருக்கிறேன்.

அரை வரி

வேலந்தாவளத்தில் மாட்டுச் சந்தை நாள். தோளில் துண்டு போட்ட தரகர் ஒருவர் வந்து, அந்தக் காலத்து வியாபாரப் பாதைகளைப் பற்றிய ஐந்நூற்றுப் பன்னிரண்டு பக்கப் புத்தகத்தை எடுத்தார். "ஏனுங்க, எங்க சந்தை இதுல வருதுங்களா?" என்றார். தேடிக் கொடுத்தேன். ஒரே ஒரு இடத்தில் இருந்தது. வேலந்தாவளத்திலும் ஒரு சந்தை கூடுவதுண்டு என்று அரை வரி.

அதை விரல் வைத்து இரண்டு தரம் படித்தார். அவருக்குப் பின்னால், லாரியில் ஏற மறுத்த எருமையை நாலு பேர் தள்ளிக்கொண்டிருந்தார்கள். புத்தகத்தை மூடி, எடுத்த இடத்திலேயே வைத்தார். "எங்கப்பாரு, அவங்கப்பாரு, அத்தனை பேரும் இந்த மண்ணுலயே நின்னு செத்தாங்க. எழுதினவரு பஸ்ஸுல போறப்ப பாத்திருப்பாருங்க."

பென்சில்

கல்பாத்தியில் ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி ஒருவர் தம் தெருவின் வரலாற்றை வாங்கிப்போய்ப் பதினோராம் நாள் திருப்பிக் கொண்டுவந்தார். ஓரமெல்லாம் பென்சில் திருத்தம். எண்ணினேன், நூற்று நாற்பத்து மூன்று. இதை இனி யாரிடம் விற்பது என்று கேட்க நாக்கு வரை வந்தது. என் கூச்சம் விடவில்லை. எல்லாமே தப்பா சார் என்று மட்டும் கேட்டேன். அவர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார். "புஸ்தகத்தைத் தப்புன்னு நான் சொல்லலை ஓய். நடந்தது அப்படி இல்லை, அவ்வளவுதான்."

அம்மிக்குழவி

மூணாறு பஜாரில், எஸ்டேட் ஜீப்புகள் நிற்கும் இடத்துக்கு எதிரே ஒரு ஞாயிற்றுக்கிழமை செல்வராணி வந்தார். கொழுந்து கிள்ளுகிற வேலை. வயது ஐம்பதை ஒட்டி இருக்கும். மகளுக்கு நர்சிங் படிக்க இடம் கிடைத்திருந்தது. எஸ்.சி. சர்ட்டிபிக்கேட் கொடுத்தால்தான் அந்த இடம் நிற்கும். பன்னிரண்டு நாள் பாக்கி. தமிழ்நாட்டிலிருந்து வந்த குடும்பம் என்பதால், அரசாங்கம் குறித்திருக்கும் வருஷத்துக்கு முன்பே இங்கே குடியிருந்ததற்கு வில்லேஜ் ஆபீஸில் ஆதாரம் கேட்டார்கள். எஸ்டேட்டின் பழைய பதிவேட்டைக் கரையான் தின்றுவிட்டது. தாத்தா வந்த கதையைச் சொல்ல அப்பா சுடலைமுத்துவும் உயிரோடு இல்லை.

"ஆனா அண்ணாச்சி, அப்பா இருந்தப்ப காலேஜ்ல இருந்து ஒரு டீச்சரம்மா வந்து, எங்க லயத்துல மூணு நாளு உக்காந்து அவரப் பேசவச்சு டேப் புடிச்சாங்க. புஸ்தகமா வந்திருச்சாம்ல. ஒங்ககிட்ட இருக்கா?"

இருந்தது. இருநூற்று எண்பத்தெட்டுப் பக்கம். அப்பா என்ன சொன்னார் என்று கேட்டேன். தாத்தா போடி மலை ஏறி வந்தபோது தலையில் அம்மிக்குழவியைச் சுமந்து வந்தாராம். மேலே கல்லா கிடைக்காது என்று கூட வந்தவர்கள் வழியெல்லாம் சிரித்தார்களாம். தேடினேன். நூற்று எழுபத்தாறாம் பக்கத்தில் குழவி இருந்தது, சிரிப்பு இருந்தது, வந்த வருஷமும் இருந்தது. வாய்விட்டுப் படித்துக் காட்டினேன். அப்பா படித்த எஸ்டேட் பள்ளிக்கூடத்தில் பழைய சேர்க்கைப் பதிவைத் தேடப் போவதாகச் செல்வராணி சொல்லிக்கொண்டிருந்தார். அச்சிலேயே இருக்கும்போது எதற்கு அலைச்சல், வேண்டாம் என்று சொன்னவன் நான். செல்வராணி அந்தப் பக்கத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "அப்பா இருமுற எடத்துலகூட புள்ளி வச்சிருக்காங்க அண்ணாச்சி."

வில்லேஜ் ஆபீஸ்

ஆபீசர் லீவில் இருந்ததால் எட்டு நாள் அப்படியே போயிற்று. ஒன்பதாம் நாள் செல்வராணி என்னையும் துணைக்கு வரச் சொன்னார். ஆபீஸ் என்றாலே எனக்கு வியர்க்கும். அவர் முதுகுக்குப் பின்னால் நின்றேன். ஆபீசர் மலையாளி, நல்ல மனிதர். உட்காரச் சொல்லி, அப்பா பேசிய ஆறு பக்கத்தையும் பொறுமையாகப் படித்தார். நாங்கள் குழவியோடு நின்றுவிட்டோம். அவர் நூற்று எண்பத்தொன்றாம் பக்கத்தின் அடி வரை போனார். அங்கே சின்ன எழுத்தில் பேசியவர் பெயர் இருந்தது.

"சேச்சி, உங்க அச்சன் பேர் சுடலைமுத்து. இதில் பேசுறது வேலு. எஸ்டேட் பேரும் வேற" என்றார். செல்வராணி என்னைத் திரும்பிப் பார்த்தார். ஆபீசர் முன் பக்கங்களைப் புரட்டி, முன்னுரையில் ஒரு இடத்தைக் காட்டினார். தகவல் சொன்னவர்களின் பாதுகாப்பு கருதி ஆட்களின் பெயரையும் இடங்களின் பெயரையும் மாற்றியிருப்பதாக ஆசிரியர் எழுதியிருந்தார். அந்தத் தாளை முப்பத்தொரு பிரதிகளில் முப்பத்தொரு முறை எண்ணியிருக்கிறேன். ஆபீசர் குரலை உயர்த்தவேயில்லை. "விக்கிறதுக்கு முன்னே இதை வாசிச்சில்லே, பெரியவரே?"

டீச்சரம்மா

மிச்சம் மூன்று நாள். பள்ளிக்கூடத்துக்கு ஓடினோம். அது மூடி வருஷக்கணக்காகிவிட்டது. பதிவேடுகளை வேறு பள்ளிக்கு மாற்றியிருந்தார்கள். அங்கே போனால், மூட்டையைப் பிரித்துத் தேடி எடுக்க ஒரு வாரமாவது ஆகும் என்றார்கள். ஒன்பது நாளுக்கு முன்பு இந்தப் படியேற விடாமல் தடுத்தவன் பக்கத்திலேயே நின்றேன்.

பதிப்பகத்தில் எண் வாங்கி, புத்தகம் எழுதிய டீச்சரம்மாவுக்குப் போன் செய்தேன். அவருக்கு எல்லாம் ஞாபகம் இருந்தது. வேலு என்பது சுடலைமுத்துதான் என்று அன்று மாலையே கடிதம் அனுப்பினார். இப்போது எழுதின கடிதம் அந்தக் காலத்து ஆதாரம் ஆகாது என்று ஆபீஸில் சொல்லிவிட்டார்கள். உண்மைப் பெயர்கள் இருந்த நோட்டைக் கேட்டோம். ஆராய்ச்சி முடிந்ததும் அதை அழித்துவிட வேண்டும் என்பது அவர்கள் விதியாம், அழித்திருந்தார். டேப்பிலும் பெயர் சொல்லுகிற இடத்தை வெட்டியிருந்தார். சுடலைமுத்து மேலதிகாரிகளைப் பற்றி நிறையச் சொல்லியிருந்தார். தெரிந்தால் எஸ்டேட் கொடுத்த லயத்து வீட்டைக் காலி செய்யச் சொல்வார்கள் என்று டீச்சரம்மா பயந்திருக்கிறார். போனில் அந்த அம்மா அழுதார். "அவருக்கு ஒரு கெடுதல் வந்துடக் கூடாதுன்னுதாங்க நான் அத்தனை கவனமா இருந்தேன்."

லயத்து வீட்டில்

கெடு முடிந்தது. இடம் வேறொரு பிள்ளைக்குப் போனது. மகள் கோயம்புத்தூரில் துணிக்கடை வேலைக்குப் போய்விட்டாள். பள்ளிப் பதிவு பிறகு கிடைத்தது. மாடசாமி மகன் சுடலைமுத்து என்று, ஊரும் வருஷமுமாகத் தெளிவாக இருந்தது. ஐந்து நாள் தாமதம்.

ஒரு மாதம் கழித்துத்தான் அந்த வீட்டுக்குப் போகத் தைரியம் வந்தது. என்ன சொல்வது என்று வழியெல்லாம் யோசித்தும், வாசலில் நின்றபோது, புத்தகத்தைத் திருப்பி எடுத்துக்கொள்கிறேன் என்பதுதான் வாயில் வந்தது. செல்வராணி காலில் ஒட்டிய அட்டைப்பூச்சிக்கு உப்பு வைத்துக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"புஸ்தகம் கெடக்கட்டும். அந்த டீச்சரம்மாகிட்ட ஒண்ணே ஒண்ணு கேட்டுச் சொல்லுங்க அண்ணாச்சி. எங்கப்பாவ யாருக்குப் பயந்து ஒளிச்சு வச்சாங்க? அவருதான் யாருக்குமே பயப்படலையே."

மக்களைப் பற்றி எழுதிய புத்தகத்தை அந்த மக்களிடமே கொண்டுபோய் விற்காமலிருந்தால், இது யாருக்கும் ஆபத்தில்லாத தொழில்தான்.